வீடு பேறு

அறம், பொருள், இன்பம், வீடு என்று வாழ்க்கையின் பயனை நான்காக வகுத்தனர் நம் முன்னோர். அவற்றுள் இறுதியாக நிற்கும் வீடு, பிறவித் துன்பத்தினின்றும் பெறும் விடுதலையாகும். அந்தச் சொல்லே நாம் குடியிருக்கும் இல்லத்துக்கும் பெயராக வழங்குவது எண்ணி மகிழத்தக்கது. விடு என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவன் தன் சுமையை இறக்கிவிட்டு இளைப்பாறும் இடம் அப்பெயரைப் பெற்றது மிகவும் பொருத்தமே.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மேலுலகத்து வீட்டைப் பற்றியன்று. தச்சரும் கொத்தரும் எழுப்பும் வீட்டைப் பற்றியே பேசப்போகிறோம். தம் குலத்தில் எவரும் சொந்த வீடு கண்டிராத எளிய மக்கள், முதன்முதலாகத் தமக்கென்று ஒரு வீட்டை விலைக்கு வாங்கினார்கள். ஒருவர் இருவர் அல்லர். ஒரு நாட்டு மக்களில் பெரும்பாலார் ஒரே தலைமுறைக் காலத்தில் அவ்வாறு வாங்கினார்கள். அந்த நாடு சிங்கப்பூர். தமிழும் ஆட்சி மொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடு அது. ஆதலால் இக்கதையில் நம்மவர்க்கும் பங்கு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிங்கப்பூரின் மக்கள்தொகை விரைந்து பெருகியது. 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒன்பது லட்சத்து முப்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த தொகை, 1957இல் பதினான்கு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. பத்தே ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேர் கூடினார்கள். இவர்கள் எல்லாரும் எங்கே படுத்து உறங்கினார்கள்?

நகரின் நடுவே, கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த பழைய கட்டடங்கள் வரிசை வரிசையாக இருந்தன. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய மாடியைப் பலகைத் தட்டிகளால் தடுத்துச் சிற்றறைகள் ஆக்கினர். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். பல அறைகளுக்குச் சன்னல் கிடையாது. அடுப்பங்கரையும் குழாயும் கழிப்பிடமும் அம்மாடியில் இருந்த அனைவருக்கும் பொது. பாரிங்டன் கே என்னும் ஆராய்ச்சியாளர் சீனர் வாழ்ந்த மேல் நான்கிங் தெரு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வீடு வீடாக ஆராய்ந்து, 1960இல் ஒரு நூலே வெளியிட்டார். அத்தகைய நெரிசல் அது.

நகரின் விளிம்பில் இருந்தவர்களின் நிலை வேறு. அங்கே பலகைச் சுவரும், அத்தாப்பு ஓலையோ துத்தநாகத் தகடோ வேய்ந்த கூரையுமாகக் குடிசைகள் நெருங்கி நின்றன. அவற்றைக் கம்பம் என்பர். மலாய் மொழியில் அச்சொல்லுக்குக் கிராமம் என்பது பொருள். காற்றும் வெளிச்சமும் மரநிழலும் அங்கே உண்டு. ஆனால் நிலம் பெரும்பாலும் பிறருடையது. தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு பொறி பட்டால் ஊரே எரியும்.

தமிழ்த் தொழிலாளர்களின் நிலையையும் இங்கே கருதவேண்டும். துறைமுகம், ரயில்வே, கடற்படைத் தளம் முதலிய இடங்களில் வேலை பார்த்தோர் பலர், முதலாளி தந்த குடியிருப்பு வரிசைகளில் தங்கியிருந்தனர். தங்க இடம் கிடைத்தது நன்மையே. எனினும் வேலை உள்ளவரைதான் வீடு. வேலை போன அன்றே வீடும் போகும். தலைக்குமேல் உள்ள கூரை மற்றொருவர் கையில் இருக்கும்போது, மனிதன் தன் மேலாளரிடம் நிமிர்ந்து பேசுவது எளிதன்று.

ஆங்கில ஆட்சியினர் இதற்கு ஒன்றும் செய்யவில்லை என்று கூறிவிட முடியாது. 1927ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் என்னும் நகர மேம்பாட்டு அமைப்பை நிறுவினர். அது முப்பத்திரண்டு ஆண்டுகளில் கட்டியது ஏறத்தாழ 23,000 வீடுகள். பெருகிவந்த மக்கள் வெள்ளத்துக்கு அது கைப்பிடி மணலால் கட்டிய அணை.

1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றது. லீ குவான் யூ பிரதமரானார். 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், பழைய டிரஸ்டின் இடத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான் என்னும் வணிகர். ஊதியம் பெறாமல் அப்பணியை ஏற்றவர். பின்னர் 1965இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. விரைவு, சிக்கனம், எளிமை ஆகிய மூன்றுமே கழகம் மேற்கொண்ட வழி. அலங்காரம் ஒன்றும் இல்லாத நெட்டையான கட்டடங்கள் எழுந்தன.

கழகம் வேலை தொடங்கிய மறு ஆண்டே பெரியதொரு சோதனை வந்தது. 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று, புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதியில் தீப்பிடித்தது. நால்வர் மாண்டனர், ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். அரசினர் எரிந்த நிலத்தைக் கைக்கொண்டு, அதே இடத்தில் அடுக்குமாடிகளைக் கட்டத் தொடங்கினர். ஓராண்டு நிறைவதற்குள் முதல் வீடுகள் எழுந்துவிட்டன. 1965 முடிவதற்குள் கழகம் தீவு முழுவதிலும் கட்டிய வீடுகள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டன.

ஆனால் இவ்வீடுகள் எல்லாம் முதலில் வாடகைக்கே விடப்பட்டன. அரசு என்னும் புதிய வீட்டுக்காரர் வந்தார். குடியிருந்தவர் குடிக்கூலிக்காரராகவே இருந்தார். நம் கதையின் திருப்பம் 1964இல் வருகிறது. அவ்வாண்டு பிப்ரவரியில், மக்கள் தாம் குடியிருக்கும் வீட்டைத் தாமே வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலில் விற்பனைக்கு வந்தவை குவீன்ஸ்டவுன் என்னும் புதுநகரத்து வீடுகள். ஈரறை வீட்டின் விலை 4,900 வெள்ளி. மூவறை வீட்டின் விலை 6,200 வெள்ளி. டாலரைச் சிங்கப்பூர்த் தமிழர் வெள்ளி என்றே வழங்குவர். மூவறை என்பது ஒரு கூடமும் இரண்டு படுக்கையறைகளும் கொண்டது. விற்றதும் முழு உரிமையாக அன்று. 99 ஆண்டுக் குத்தகையாக.

லீ குவான் யூ 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நினைவு நூலில் இதன் நோக்கத்தை விளக்கியுள்ளார். பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய மக்கள், இந்நாட்டில் தமக்கென்று ஓர் உடைமை இருந்தாலன்றி இதைத் தம் நாடாகக் கருதமாட்டார்கள் என்பது அவர் எண்ணம். 1965இல் சிங்கப்பூர் மலேசியாவினின்றும் பிரிந்து தனிநாடான பின், இளைஞர்கள் படைப்பயிற்சி பெறவேண்டியதாயிற்று. காக்கத் தமக்கென்று ஒரு வீடே இல்லாத குடும்பத்துப் பிள்ளை எதற்காகப் போரிடுவான் என்ற கேள்வியும் அவர் உள்ளத்தில் எழுந்தது.

திட்டம் நல்லதுதான், ஆயினும் வாங்க முன்வந்தோர் சிலரே. காரணம் வெளிப்படை. விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டவேண்டும். அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் செலவிடும் குடும்பத்தில் ஆயிரம் வெள்ளிக்கு எங்கே போவது? இதற்கு 1968இல் ஒரு வழி பிறந்தது. 1955 முதல் தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்தும், முதலாளி தரும் ஐந்தும் சேர்ந்து, மத்திய சேம நிதி என்னும் கணக்கில் சேர்ந்துவந்தன. முதுமைக்கென்று ஒதுக்கிய பணம் அது. அதை எடுத்து முன்பணம் கட்டவும், மாதத் தவணை செலுத்தவும் 1968 செப்டம்பர் முதல் அனுமதி கிடைத்தது. சந்தா விகிதமும் இரு தரப்புக்கும் நூற்றுக்கு ஆறரையாக உயர்ந்தது. கையிலுள்ள காசைத் தொடாமலே வீடு வாங்க முடிந்தது.

விளைவைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. குடியிருக்கும் வீட்டுக்குத் தாமே உரிமையாளராய் இருந்த குடும்பங்கள் 1970இல் நூற்றுக்கு ஏறத்தாழ 29, 1980இல் 59, 1990இல் 88. இருபதே ஆண்டுகளில் ஒரு நாடே வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

மாணவ நண்பர்களே, வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடும். ஆண்டும் தொகையும் விகிதமும் தெரிந்துவிட்டால் பாடம் முடிந்ததாக எண்ணுவோம். ஆனால் மாற்றத்தின் உட்பொருளை அறிய வேண்டுமாயின், அந்த வீடுகளுக்குள் நாமும் ஒருமுறை நுழைந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, சாவி. தட்டி அறையில் வாழ்ந்தவருக்குப் பூட்டத்தக்க கதவு என்பதே புதுமை. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியே கேட்காது. கணவனும் மனைவியும் குரலைத் தாழ்த்தாமல் பேசலாம். இரண்டாவது, குழாய். பொதுக் குழாயடியில் விடியுமுன் குடம் வைத்துக் காத்திருந்த பெண், தன் அடுக்களையில் தனக்கென்று உள்ள குழாயைத் திருகியபோது கொண்ட மகிழ்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மூன்றாவது, கழிப்பறை. அந்நாளில் பழைய வீடுகளில் வாளிக் கழிப்பிடங்களே இருந்தன. மனிதர் வந்து வாளியை எடுத்துச் செல்லும் அம்முறை சிங்கப்பூரில் முற்றும் ஒழிந்தது 1987இல்தான். நீர் ஊற்றித் தூய்மை செய்யும் கழிப்பறை வீட்டுக்குள்ளேயே அமைந்தது, தொகைக் கணக்கில் அடங்காத பெருமை.

நான்காவதாக ஒன்றைச் சொல்வேன். அது மிகச் சிறியது. சுவரில் ஓர் ஆணி. வாடகை வீட்டில் இருப்பவர் ஆணி அடிக்குமுன் வீட்டுக்காரரின் முகத்தை நினைத்துக்கொள்வார். சொந்த வீட்டிலோ, வாங்கிய மறுநாளே சுத்தியலை எடுக்கலாம். மளிகைக் கடைக்காரர் தந்த நாட்காட்டி, திருமணத்தன்று எடுத்த புகைப்படம், முருகன் படம் இவை சுவரில் ஏறும்போது அவ்வீடு முகவரி என்னும் நிலையிலிருந்து இல்லம் என்னும் நிலையை அடைகிறது. உரிமைப் பத்திரத்தில் உள்ள சட்டச்சொற்கள் எளியவருக்கு விளங்காமற் போகலாம். ஆணி விளங்கும்.

புதுமனை புகும் சடங்குகளும் காணத்தக்கவை. தமிழர் வாயிலில் மாவிலை கட்டி, விளக்கேற்றி, புதுப்பானையில் பால் பொங்கவிட்டனர். கோலமிட வாசல் இல்லையே என்று கலங்காமல், வீட்டின் முன்னே செல்லும் பொது நடையின் சிமெண்டுத் தரையில் கோலமிட்டனர். சீனர் நிலைப்படிக்கு மேல் சிவப்புத் துணி தொங்கவிட்டு, அன்னாசிப் பழம் ஒன்றை வீட்டுக்குள் உருட்டிவிட்டனர். ஹொக்கியன் மொழியில் அன்னாசியின் பெயர், செல்வம் வருக என்று சொல்வதுபோல் ஒலிக்கும். மலாய்க்காரர் உற்றாரை அழைத்துத் தொழுது, விருந்து படைத்தனர். பல சமயத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறியதால், ஒருவர் வீட்டுப் பலகாரம் மற்றவர் வீட்டுத் தட்டில் போய்ச் சேர்ந்தது.

அடுக்களைச் சன்னலுக்கு வெளியே சிறு குழல்கள் பதித்திருந்தார்கள். துவைத்த துணிகளை மூங்கிற்கழியில் கோத்து, கழியின் அடியை அக்குழலில் செருகிவிட்டால், துணிகள் வானவெளியில் காயும். கீழிருந்து பார்ப்பவருக்கு மாடிதோறும் கொடிகள் பறப்பதுபோல் தோன்றும். வேட்டியும் சேலையும், சாரோங்கும் சட்டையும் அருகருகே அசைந்த அக்காட்சி, அங்கே யார் யார் கூடி வாழ்கின்றனர் என்பதைத் தெளிவாகக் காட்டியது.

எல்லாம் இன்பமே என்று சொல்லிவிட்டால் அது வரலாறு ஆகாது. கம்பத்தை விட்டு வந்தவர்கள் ரம்புத்தான் மரத்தையும் கோழிக்கூட்டையும் காய்கறிப் பாத்தியையும் விட்டு வந்தார்கள். பன்றி வளர்த்தும் கீரை பயிரிட்டும் வாழ்ந்தோர்க்கு வீடு மாறியதோடு தொழிலே மாறியது. 1966இல் இயற்றிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசுக்கு மிகுந்த அதிகாரம் தந்தது. விரும்பிப் பெயர்ந்தவரும் உண்டு, வேறு வழியின்றிப் பெயர்ந்தவரும் உண்டு. அதுவரை சிறு தொகையில் காலம் தள்ளியவர்கள், மாதந்தோறும் தவணை, மின்சாரம், தண்ணீர் என்று பணமாகக் கட்டவேண்டி வந்தது.

புது வாழ்க்கையைப் பழகிக்கொள்வதும் எளிதாக இல்லை. இதையும் லீ குவான் யூ தம் நூலில் குறித்திருக்கிறார். சிலர் தாம் வளர்த்த பன்றிகளைப் படியேற்றி மாடி வீட்டுக்கு அழைத்துச் செல்ல முயன்றனர். ஒரு குடும்பம் கோழிகளையும் வாத்துகளையும் உடன் கொணர்ந்து, அவை கூடத்துக்குள் வாராதபடி அடுக்களை வாயிலில் மரக்கதவு ஒன்று அமைத்தது. மின்தூக்கிக்கு அஞ்சிப் படியேறியே சென்றோரும், மின்விளக்கு இருக்கவும் மண்ணெண்ணெய் விளக்கையே ஏற்றியோரும் இருந்தனர். இவற்றைக் கேட்டு நாம் நகைக்கலாம். ஆனால் ஒருவர் புதிய இடத்துக்குப் போகும்போது பழைய வாழ்வின் ஒரு துண்டையேனும் கையில் எடுத்துச் செல்ல விரும்புவது இயல்பேயன்றோ? நிறையப் பேர் ஏறியிறங்கும் கட்டடங்களில், சிக்கனம் கருதி மின்தூக்கி எல்லா மாடியிலும் நில்லாது. முதல் மாடி, ஐந்தாம் மாடி, ஒன்பதாம் மாடி என இடைவிட்டே நிற்கும். முதியோர் மூட்டையுடன் எஞ்சிய படிகளை ஏறினர். எல்லா மாடியிலும் நிற்கச் செய்யும் திட்டம் 2001இல்தான் தொடங்கியது.

முதியோர் பலர்க்கு வேறொரு குறையும் இருந்தது. கம்பத்தில் கதவு திறந்தே கிடக்கும். மாடி வீட்டில் கதவு மூடியே இருக்கும். எந்தச் சாவி இளம் தம்பதிக்கு இன்பம் தந்ததோ, அதே சாவி பாட்டிக்குத் தனிமை தந்தது. இக்குறையை ஓரளவு தீர்த்தது, 1970களில் பரவிய ஓர் அமைப்பு. கட்டடத்தின் தரைத்தளத்தில் வீடு கட்டாமல் வெறும் தூண்களோடு திறந்துவிட்டனர். அங்கே முதியோர் சதுரங்கம் ஆடினர். பிள்ளைகள் ஓடி விளையாடினர். இன்று ஒரு மலாய்த் திருமணம் நடந்த அதே இடத்தில் மறுவாரம் ஒரு சீனர் வீட்டு நீத்தார் சடங்கு நடக்கும். வாங்கிய வீடு தனக்கு. வாங்காத தரைத்தளம் எல்லார்க்கும். இரண்டும் சேர்ந்தே குடியிருப்பு ஆயிற்று.

இறுதியாக, சிந்தனைக்குரிய ஒன்று. அவ்வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியவை என்று முன்னரே கூறினோம். 1960களில் வாங்கியவருக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டு என்பது எல்லையில்லாக் காலமாகவே தோன்றியிருக்கும். இன்று அக்குத்தகைகளில் பாதிக்கும் மேல் கழிந்துவிட்டது. காலம் முடிந்தால் நிலமும் வீடும் அரசையே சேரும். 1971 முதல் வெளிச்சந்தையில் விற்க அனுமதி கிடைத்ததால் விலைகள் பலமடங்கு ஏறின. மக்கள் தம் முதுமைச் சேமிப்பையே அச்சுவர்களில் முதலிட்டிருக்கின்றனர். ஆகவே, கால எல்லை உள்ள உரிமை உண்மையான உரிமையா என்று அந்நாட்டு மக்களே இப்போது கேட்கின்றனர். இது நியாயமான கேள்வி. இதற்கு எளிய விடை இல்லை.

எனினும் வரலாறு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. வீடு வாங்கிய அந்த முதல் தலைமுறையினர் பெற்றது சுவரும் கூரையும் மட்டுமல்ல; நாளை என்னும் நம்பிக்கை. யாரும் வந்து காலி செய் என்று சொல்லமாட்டார்கள் என்ற துணிவு பிறந்த பின்புதான், அவர்கள் பிள்ளையின் பாடப்புத்தகத்துக்கு ஒரு மேசை வாங்கினர். சன்னலில் துளசித் தொட்டி வைத்தனர். அடுத்த ஆண்டு தீபாவளிக்குச் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று வாதாடினர். அஞ்சி வாழ்பவனுக்கு இச்சிறு இன்பங்கள் வாய்ப்பதில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியோர் சொல்லிவைத்தது வளையின் அகலத்தைக் கருதி அன்று. அதனுள் கிடைக்கும் அச்சமற்ற உறக்கத்தைக் கருதியே.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டனார் பாட்டிமார் இருப்பார்கள். அவர்கள் முதன்முதலாகச் சொந்த வீட்டிலோ, நெடுநாள் நிலைத்த ஒரு வீட்டிலோ குடிபுகுந்த நாளைப் பற்றிக் கேளுங்கள். அன்று என்ன சமைத்தார்கள், எதை விட்டு வந்தார்கள், சுவரில் முதலில் எதை மாட்டினார்கள் என்று வினவுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதி, நாளும் ஆண்டும் இட்டு வையுங்கள். அரசாங்க ஏடுகள் எத்தனை வீடு கட்டப்பட்டது என்று சொல்லும். ஒரு வீட்டில் மக்கள் எப்படி வாழத் தொடங்கினார்கள் என்பதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.